கொல்லைப்புறத்துத் தென்னங்கட்டைப் படிகள்

ஈரமான தென்னங்கட்டையின் மேல் வெறுங்காலை வைத்தால் முதலில் தெரிவது குளிர்ச்சி. அடுத்து விரல் இடுக்கில் பாசி கூழாகப் பிதுங்கும். அதற்கடுத்த நொடியில் கால் நம் பேச்சைக் கேட்காது. எங்கள் வீட்டுக் கொல்லைப் படிகளுக்குத் தெருப்பிள்ளைகள் வைத்திருந்த பெயர் ‘விலாங்கு’. அந்தப் பெயரை வைத்தவர்களில் நானும் ஒருத்தி. இப்போது எனக்கு அறுபது வயது கடந்துவிட்டது; திருச்சியில், மழைத்தண்ணீர் எட்டிப் பார்க்கவே முடியாத ஒரு மாடி வீட்டில் இருக்கிறேன். ஆனாலும் வானம் இருட்டிக்கொண்டு வந்தால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. ஜன்னலுக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். ‘நீ நடந்தா மழை நின்னுடுமா’ என்று வீட்டில் கேட்பார்கள். நிற்காது என்று எனக்கும் தெரியும், இருந்தாலும் நடப்பேன்.

நீடாமங்கலத்திலிருந்து கிழக்கே போகும் வழியில், வெண்ணாற்றுத் தண்ணீரைக் கொண்டுபோகும் ஒரு வாய்க்காலின் கரைமேல் இருந்தது எங்கள் தெரு. நல்ல நிலமெல்லாம் நெல்லுக்குப் போய்விட்டதால், அந்த நெல்லை விளைவித்த எங்களுக்குக் கரைதான் மிச்சம். வெள்ளம் வந்தாலும் வீட்டுக்குள் தண்ணீர் புகாது என்பது அதிலிருந்த ஒரே வசதி. வீட்டின் முன்பக்கம் தெரு. பின்பக்கம் கரை சரிந்து வாய்க்காலுக்கு இறங்கும். அந்தச் சரிவில்தான் அம்மாவின் தோட்டம்: கத்தரி, வெண்டை, கொத்தவரை, சொன்னபடி கேட்காமல் ஓடும் ஒரு பரங்கிக்கொடி. தோட்டத்தின் நடுவே தண்ணீர்வரை இறங்கும் படிகளை அப்பா போட்டிருந்தார். புயலில் சாய்ந்த ஒரு தென்னையைப் பிளந்து, துண்டு போட்டு, பிளந்த பக்கம் மேலே வரும்படி படுக்கவைத்து, சரியாமலிருக்க முன்னால் முளையடித்திருந்தார். கோடையில் அவற்றின் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதலாம். மழைக்காலத்தில் ஆட்டுக்குட்டிகூட அந்தப் பக்கம் போகாது. ஆனால் குடிக்க, சமைக்க, துவைக்க, எல்லாத் தண்ணீருக்கும் நாங்கள் அந்த வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். ஊர்த்தெருக் கிணற்றில் எங்கள் குடம் இறங்காது.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷத்து ஐப்பசியில் அம்மா விழுந்தாள். இடுப்பில் நிறைகுடத்தோடு ஏறி வந்தவள், மேல்படிக்குக் காலெடுத்து வைக்கும்போது வழுக்கி, கட்டைகளில் மோதிக்கொண்டே தண்ணீர்வரை போய்விட்டாள். அப்போது அவள் வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை. மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி நீடாமங்கலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அம்மா பிழைத்து வந்தாள், பிள்ளை வரவில்லை. அதற்குப் பிறகு பல நாள் அவள் யாரோடும் பேசவில்லை. அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு படிகளைப் பெயர்த்தெறியப் போனார். பெயர்த்துவிட்டால் எப்படி இறங்குவது என்று யோசித்து நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். அடுத்த ஐப்பசி வந்தபோது அம்மா மறுபடியும் நிறைமாதமாக இருந்தாள். இந்தப் பிள்ளையாவது தங்குமா என்பதுதான் அந்த மழைக்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி.

நாலு செங்கல்லை வைத்துப் பூசிவிட்டால் தீர்ந்துபோகிற காரியம்தானே என்று இதைப் படிப்பவர்களுக்குத் தோன்றும். எனக்கும் அந்த வயதில் தோன்றியது. கேட்டபோது அப்பா என் வாயைப் பொத்தினார். வீடு எங்களுடையது, வீடு நின்ற மனை பண்ணையுடையது. பண்ணையின் முதலாளி தஞ்சாவூரில் இருந்தார், அறுவடைக்கு அறுவடை காரில் வந்து போவார். எங்கள் கண்ணுக்குத் தெரிந்த பண்ணை என்பது அவருடைய ஏஜெண்டுதான்: வெள்ளை வேட்டி, சைக்கிள், வளைந்த பிடி வைத்த பெரிய கறுப்புக் குடை. பண்ணை மனையில் குடியிருப்பவர்கள் மண்ணும் மூங்கிலும் கீற்றும் கொண்டு என்ன வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம், செங்கல் மட்டும் வைக்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். மண்ணையும் கீற்றையும் ஒரே பகலில் பிரித்து எறிந்துவிடலாம். செங்கல் வைத்துவிட்டால் ஆள் நிலைத்துவிட்டான் என்று பொருள். தெருக்கோடியில் ஒருவர் அடுப்பு மேடைக்குச் செங்கல் வைத்தார் என்று அவர் வீட்டுக் கூரையையே பிரித்துப் போட்டார்கள்.

அந்த வருஷம் இந்தச் செங்கல் பயம் இன்னும் கூடியிருந்தது. சென்னையில் புது ஆட்சி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. டீக்கடை வாசலில் கறுப்பு சிவப்புக் கொடி, எங்கள் தெருமுனையில் முழுச் சிவப்புக் கொடி. குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே என்று சட்டம் வரப்போகிறது என்று ரேடியோவிலும் கூட்டங்களிலும் சொன்னார்கள். சட்டம் வருவதற்குள் ஆளைக் கிளப்பிவிட வேண்டும் என்று பண்ணைகள் அவசரப்பட்டன. குறுவை அறுப்புக்குக் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்கு வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்களுக்குக் காவலாக வந்த போலீஸ் பள்ளிக்கூடத்தில் தங்கியதால் எங்களுக்கு விடுமுறை. கிழக்கே ஓர் ஊரில் கூலி கேட்டவர்களைக் குடிசையோடு கொளுத்தியதைப் பெரியவர்கள் பேசத் தொடங்கினால் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுவார்கள். ஏஜெண்டு தினமும் எதிர்க்கரை வண்டிப்பாதையில் சைக்கிளை மெதுவாக ஓட்டிக்கொண்டு, யார் கொல்லையில் என்ன புதிதாக வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவார். அவர் தலை தெரிந்தால் அப்பா கையிலிருக்கும் வேலையைக் கீழே போட்டுவிடுவார்.

கூட்டத்துக்குப் பேச வந்த ஒரு சங்கத்துத் தோழர் எங்கள் படிகளில் வழுக்கிவிட்டு, ‘செங்கல்லே வைங்க, வர்றது வரட்டும், நாங்க இருக்கோம்’ என்று அப்பாவுக்குத் தைரியம் சொன்னார். அவர் கடைசி பஸ்ஸில் மன்னார்குடிக்குப் போய்விடுவார், பொழுது விடிந்தால் நாங்கள்தான் இங்கே இருக்க வேண்டும் என்று அம்மா அடுப்படியிலிருந்து முணுமுணுத்தாள். தெருப்பெண்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருத்தி உப்பைத் தூவச் சொன்னாள். இன்னொருத்தி சாக்கை விரிக்கச் சொன்னாள். விரித்த சாக்கு அன்றே என் காலைத் தடுக்கிவிட்டது. மழையோ நிற்கிற வழியாக இல்லை. அம்மாவுக்கு நடை நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே வந்தது.

அப்பா பெயர் வீரையன். பண்ணைக் களத்தில் போரடிப்பும் தூற்றலும் அவர் பொறுப்பு. களம் ஈரமாகி வழுக்கினால் பதரையும் உமியையும் அள்ளி வீசுவார்கள். மாட்டுக்கொட்டகை சேறானால் உமி. அரிசி மில் வாசலில் லாரிச் சக்கரம் சிக்கினாலும் உமி. நெல்லோடு பிறந்து நெல்லோடு வளர்ந்த மனிதருக்கு நெல்லின் தோலே எல்லா வழுக்கலுக்கும் மருந்து. குறுவைக் களத்துப் பதரையும் கூளத்தையும் கூடை கூடையாகச் சுமந்துவந்து, படிகளில் கனமாகப் பரப்பி, காலால் மிதித்து அமுக்கி, தாமே ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, அம்மாவை இறங்கச் சொன்னார். அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது. அம்மா மெத்தைமேல் நடப்பதுபோல இறங்கி ஏறினாள், அப்பா மீசையைத் தடவிக்கொண்டார்.

ஆனால் களத்தில் வெயில் வந்து காயும். வாய்க்கால் கரையில் அந்த மாதம் வெயில் எங்கே வந்தது? சில நாளில் பதர் ஊறி, அடியில் கொழகொழவென்று அழுகி, பாசியைவிட மோசமாகிவிட்டது. அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. பதரோடு பதராகக் கிடந்த நெல்மணிகள் முளைவிட்டு, படிகள் முழுக்கப் பச்சைப் பசேலென்று எழுந்து நின்றன. அம்மா கொல்லைக் கதவில் சாய்ந்துகொண்டு, ‘உங்கப்பா படியில நாத்து விட்டிருக்காரு, வந்து பாரு’ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்ததைக் கேட்டு எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. எதிர்க்கரையில் சைக்கிள் நின்றதை நாங்கள் இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

‘என்னடா வீரையா, வாய்க்கா கரையில சாகுபடி ஆரம்பிச்சுட்டியா?’ என்று ஏஜெண்டு கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் அப்பாவின் காதில் விழுந்தது சாகுபடி என்ற ஒரு சொல்தான். பண்ணை மண்ணில் சொந்தச் சாகுபடி செய்தான் என்று சொல்லிக் கிளப்பப்பட்டவர்களை அவர் பார்த்திருந்தார். தானாக முளைத்தது என்று கைகட்டிச் சொல்லிவிட்டு, மழையில் குந்தி உட்கார்ந்து, நாற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வாய்க்காலில் விட்டார். நெல் முளையைப் பிடுங்கி எறிகிற அப்பாவை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை, உள்ளே போய்விட்டேன்.

அடுத்து அவர் செய்ததுதான் உருப்படியானது. கொட்டாங்கச்சியால் பாசியைச் சுரண்டி, சாம்பல் போட்டுத் தேய்த்து, கட்டைகளின் அடியில் கையாலேயே மண்ணைத் தோண்டி, பழைய வண்டிக் கயிறுகளையும் வைக்கோல் கட்டும் நார்க்கயிறுகளையும் விரல் இடைவெளி விட்டு ஒவ்வொரு கட்டையிலும் சுற்றிச் சுற்றி இறுக்கினார். நார்க்கயிறு காலைக் கவ்விப் பிடித்தது. பிடித்துக்கொண்டு ஏறுவதற்கு, ஒரு நீள மூங்கிலைச் சரிவோடு சரிவாகக் குச்சிகளில் கட்டினார். ஆணி இல்லை, செங்கல் இல்லை, அவிழ்த்துவிட்டால் அடையாளமே இருக்காது, ஏஜெண்டு குறை சொல்ல இதில் எதுவுமில்லை என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லச் சொல்ல அவருக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். கட்டி முடித்ததும் மதகைச் சுற்றி எதிர்க்கரைக்குப் போய், அங்கிருந்து பார்த்தால் எப்படித் தெரிகிறது என்று பார்த்துவிட்டு வந்தார்.

பள்ளிக்கூடம் இல்லாததால் அம்மாவுக்குக் காவல் நான். அவள் குடத்தை எடுத்தால் நான் முன்னால் ஓடி, ஒவ்வொரு கட்டையையும் மிதித்துப் பார்ப்பேன், முடிச்சுகளை இழுத்துப் பார்ப்பேன், மூங்கிலை ஆட்டிப் பார்ப்பேன். ‘ஆட்டி ஆட்டியே நீ அதைப் பிடுங்கிடுவே போலிருக்கு’ என்று அம்மா திட்டுவாள். நான் தண்ணீர் மொண்டு வருகிறேன் என்றால் விடமாட்டாள். நீ விழுந்தால் மட்டும் பரவாயில்லையா என்பாள். கீழே அவள் குடத்தை அமிழ்த்தும் சத்தம் கேட்டு, அவள் தலை மறுபடி மேட்டுக்கு வரும்வரை நான் அங்கிருந்து நகர மாட்டேன். சோறு இறங்காது. விளையாடக் கூப்பிடும் பிள்ளைகள் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுவேன்.

மூங்கில் கட்டிய சில நாளில் ஏஜெண்டு எங்கள் கரைக்கே வந்துவிட்டார். தெருவுக்குள் காலெடுத்து வைக்க மாட்டார். கரையோரமாக வந்து, கொல்லை மேட்டில் கத்தரிச் செடிகளுக்கு நடுவே குடையோடு நின்றார். கூடவே பண்ணை மாட்டுக்காரர் காத்தான். எங்கள் தெருக்காரர்தான், அம்மா அவரை அண்ணே என்பாள், நான் மாமா என்பேன். அப்பா களத்தில் இருந்தார். அம்மா கீழே தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். இது கைப்பிடியும் இல்லை ஒன்றுமில்லை, வேலி. மழை விட்டதும் கரையை வளைத்துக்கொள்ளத் திட்டம் என்று ஏஜெண்டு சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை, அங்கே நான்தான் நின்றேன். பிறகு பிடுங்கச் சொல்லிக் காத்தான் மாமாவுக்குக் கையைக் காட்டினார். மாமா என் முகத்தைப் பார்க்காமல் கட்டுகளை அவிழ்த்து, மூங்கிலை உருவித் தோளில் வைத்தார். உருவிய வேகத்தில் மேல்படியில் சுற்றியிருந்த கயிறும் அறுந்து சரிந்தது.

அம்மா அதற்குள் பாதிப் படி ஏறியிருந்தாள். ஒரு கை குடத்தின் கழுத்தில் இருந்தது, மறு கை மூங்கில் இருந்த இடத்தில் வெறும் காற்றைத் துழாவியது. போன வருஷம் கால் வழுக்கிய அதே மேல்படிக்கு முன்னால் வந்து நின்றாள். மழை அவள் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது. கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை, கடையில் உப்பு கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டாள்.

‘பிடிச்சிக்கிட்டு ஏறத்தாங்க அதைக் கட்டினது. எடுத்துட்டீங்க. இப்ப நான் எதைப் பிடிச்சிக்கிட்டு ஏறுறதுங்கய்யா?’

காத்தான் மாமா மூங்கிலைப் போட்டுவிட்டுக் கை கொடுக்க வந்தார்.

‘நீ இருண்ணே’ என்றாள் அம்மா. ‘எடுக்கச் சொன்னவங்க குடுக்கட்டும்.’

சொல்லிவிட்டு, காலியாக இருந்த கையை ஏஜெண்டை நோக்கி நீட்டினாள். எங்கள் தெரு ஆளின் விரல் அவர் மேல் பட்டு நான் பார்த்ததில்லை. கூலி நெல்லைக்கூட எட்டி நின்றுதான் கொட்டச் சொல்வார். அம்மாவின் கை நீண்டபடியே இருந்தது. அவள் கால்விரல்கள் நார்க்கயிற்றில் அழுந்தி வெளுத்திருந்தன. நான் கை கொடுக்க ஓடப் போனேன், கண்ணாலேயே என்னை நிறுத்தினாள். ஏஜெண்டு யாராவது பார்க்கிறார்களா என்று தெருப்பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் பேசாமல் போயிருக்கலாம், அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் குடையை மடக்கினார். மடக்கி, கம்பி முனையைத் தம் கையில் வைத்துக்கொண்டு, வளைந்த பிடியை அம்மாவிடம் நீட்டினார். அம்மா ஒரு நொடி அந்தப் பிடியைப் பார்த்தாள். பிறகு இறுகப் பற்றிக்கொண்டு மேல்படி ஏறி, மேட்டுக்கு வந்து, குடத்தை இறக்கி வைத்து மூச்சு வாங்கினாள். ஏஜெண்டு தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றார், பிறகு வந்த வழியே போனார். மூங்கில் கத்தரிச் செடிமேல் கிடந்தது.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட அப்பா, கூரை போச்சு என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கூரை போகவில்லை. அம்மா பிடிவாதமாக மூங்கிலைத் திரும்பக் கட்டவைத்தாள். ஏஜெண்டு அந்த மழைக்காலத்தில் எங்கள் கரைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கார்த்திகையில் தம்பி பிறந்தான், தெருவே கேட்கும்படி அழுதான். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் எனக்குப் பசி எடுத்தது. பிள்ளையைப் பார்க்க வந்த காத்தான் மாமா அந்தக் கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஏஜெண்டு மறுநாளே அதை மாட்டுக்கொட்டகையில் போட்டு, நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டாராம்; அவருக்குப் புதுக் குடை வந்துவிட்டது. அதைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. அம்மாவோ சிரித்தாள்.

‘பிடி நல்ல உறுதிண்ணே. நான் இழுத்துப் பாத்துத்தான் அனுப்பினேன்’ என்றாள்.

சட்டம் வந்தது. வந்த உடனே ஒன்றும் ஆகிவிடவில்லை; தாசில்தார் ஆபீஸில் கால்கடுக்க நின்று, சங்கிலி பிடித்து அளந்து, ஒருவழியாக மனைப்பட்டா அப்பா கைக்கு வந்தபோது தம்பி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். பட்டா வந்ததும் மற்றவர்கள் வீட்டுக்குச் சுவர் வைத்தார்கள், அப்பா முதலில் கொல்லைப் படியைக் கட்டினார். செங்கல், சிமெண்டு, மேலே பூச்சு. அதோடு விட்டிருக்கலாம். பண்ணை வீட்டுக் கூடத்துத் தரை பளபளப்பதை வாசலில் நின்றே பார்த்துப் பார்த்து ஏங்கிய மனிதர், விடுவாரா? முகம் தெரிய வேண்டும் என்று கொத்தனாரிடம் சொல்லி, சிமெண்டுப் பால் விட்டுத் தேய் தேய் என்று தேய்க்கவைத்தார். முகம் தெரிந்தது. முதல் மழையில் அவர்தான் முதலில் விழுந்தார். இடுப்பு வீங்கி ஒரு வாரம் குப்புறப் படுத்திருந்தார். தென்னங்கட்டைகூட அப்படி வழுக்கியதில்லை.

அம்மா உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். புதுப் படியைக் கொத்தாதே, பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று அப்பா படுத்தபடியே கெஞ்சினார். ‘நம்ம படிதானே. கொத்தினா யாரு கேக்கறது?’ என்றாள் அம்மா. அம்மி கொத்துவதுபோல ஒவ்வொரு படியாக உட்கார்ந்து கொத்தினாள். அந்தச் சத்தம் எதிர்க்கரைவரை கேட்டது. அவ்வளவு சந்தோஷமாக அவள் ஒரு வேலை செய்து நான் பார்த்ததே இல்லை.

இப்போது அந்த வாய்க்காலில் தண்ணீர் வருகிற மாதங்கள் குறைந்துவிட்டன. இரண்டு பக்கமும் கான்கிரீட் போட்டபோது கரையோரப் படிகளையெல்லாம் இடித்துவிட்டார்கள், அம்மா கொத்திய படிகளும் அதில் போயின. தோட்டம் இருந்த சரிவில் கருவேல் மண்டியிருக்கிறது. குழாய் அடுக்களைக்குள்ளேயே வருகிறது. பண்ணை வீடு கல்யாண மண்டபமாகிவிட்டது. அப்பா போன பிறகு அம்மா என்னோடு திருச்சிக்கு வந்துவிட்டாள். எண்பதைத் தாண்டிய அவள் போன மழையில் ஒருநாள் குளியலறையில் தடுமாறினாள். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ரப்பர் விரிப்பு போட்டேன், சொரசொரப்பான டைல்ஸாக மாற்றினேன், கடைசியில் பிடித்துக்கொள்ளச் சுவரில் ஓர் எஃகுக் கம்பி பொருத்த ஆளை வரச் சொன்னேன். இந்தத் திருச்சி வீடு நான் வேலை பார்த்துச் சொந்தமாக வாங்கியது.

வந்தவர் சுவரில் பென்சிலால் குறி போட்டு, துளை போடும் மெஷினை ஓடவிட்டதும், கூடத்தில் நாற்காலியில் இருந்த அம்மா பதறிப்போய் என்னைக் கூப்பிட்டாள்.

‘செவுத்துல ஓட்டை போடுறாங்களே, வீட்டுக்காரங்ககிட்ட கேட்டியா?’

‘நான்தாம்மா வீட்டுக்காரி’ என்றேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. என் கையைப் பிடித்து இழுத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

‘சரி, அப்ப சீக்கிரம் போடச் சொல்லு. யாராச்சும் வந்துடப் போறாங்க.’

மெஷின் சத்தம் ஓயும்வரை அவள் வாசற்கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.